பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் வென்ற அணி, தொடரை 1-3 என்று தோற்றது எப்படி?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: 2024 நவம்பரில் பெர்த் டெஸ்டை 295 ரன் வித்தியாசத்தில் ஜெயித்த இந்தியா, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பார்டர்-கவாஸ்கர் தொடரை ஏன் 1-3 என்று இழந்தது? 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட இந்தியா, அந்தத் தொடரை எப்படி 2-1 என்று ஜெயித்தது? பிட்ச்சா, பந்தா, மன உறுதியா? ஐந்து டெஸ்ட் கொண்ட பயணத்துக்கு எத்தனை வேகப்பந்து வீச்சாளர்களை அழைத்துப் போக வேண்டும்?

பார்க்க நான்கு கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு டெஸ்டை ஜெயிக்கிற திறமையும் ஒரு சுற்றுப்பயணத்தை ஜெயிக்கிற திறமையும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை? ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை என் பதில் இது. புதுப் பந்தில் இரண்டு அணிகளுமே ஆபத்தானவைதான். 25ஆவது ஓவரிலிருந்து 80ஆவது ஓவர் வரை, பந்து மிருதுவாகிப் போன நேரத்தில், யார் ரன்னைக் கட்டுப்படுத்துகிறார்கள், அந்த வேலையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் நான்காவது, ஐந்தாவது டெஸ்டில் முடிவாக வந்து நிற்கிறது. மன உறுதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அது தோற்ற பிறகும் ஜெயித்த பிறகும் மட்டுமே தெரிகிற பொருள் என்பதால், அதை வைத்து எதையும் விளக்க முடியாது.

முதலில் பந்து. ஆஸ்திரேலியாவில் பயன்படுத்துவது குக்கபுரா. டெஸ்ட் பந்தில் ஆறு வரிசைத் தையல் இருக்கும். இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்திலும் இந்தியாவின் எஸ்ஜி பந்திலும் ஆறு வரிசையும் கையால் தைத்தவை. குக்கபுராவில் நடுவில் உள்ள இரண்டு வரிசைகள் மட்டுமே கைத்தையல், மற்றவை இயந்திரத் தையல். விளைவு: தையல் விரைவில் அமுங்கிவிடும். முதல் 15, 20 ஓவர் வரை நன்றாக ஸ்விங் ஆகும் (காற்றில் வளையும்), தையலில் பட்டு வெட்டும். அதன்பிறகு மேலே பூசிய பளபளப்பு தேய்ந்து, தோல் இளகி, 40 ஓவரைத் தாண்டினால் கெட்டியான தரையில்கூடப் பந்து உயிரில்லாமல் வரும். அடுத்த புதுப் பந்து 80 ஓவர் முடிந்த பிறகுதான். ஆக, ஒவ்வொரு 80 ஓவரிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஓவர்கள் இந்த மந்தமான பந்தில்தான் போகின்றன. இங்கிலாந்தில் 50 ஓவர் பழைய டியூக்ஸை வைத்தும் விக்கெட் எடுத்துப் பழகியவர்கள், இங்கே அதே லெங்த்தில் (பந்து தரையில் விழும் தூரம்) வீசிவிட்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

லெங்த் என்றதும் இன்னொன்று. பெர்த், பிரிஸ்பேன் போன்ற தரைகளில் பந்து எழும்புவதைப் பார்த்ததும் வருகை தரும் வீச்சாளருக்கு ஒரு சபலம் வரும்: இன்னும் கொஞ்சம் குட்டையாகப் போடலாமே என்று. பேட்ஸ்மேன் தலையைப் பின்னால் இழுக்கிறார், ஸ்லிப்பில் கைதட்டுகிறார்கள், பார்க்க மிரட்டலாக இருக்கிறது. ஆனால் அந்தப் பந்துகள் ஸ்டம்புக்கு மேலேயே போய்விடுகின்றன. பேட்ஸ்மேன் விட்டுவிடலாம், கட் அடிக்கலாம். எழும்பும் தரையில் ஸ்டம்பின் உச்சியைத் தொட வேண்டுமானால் வழக்கத்தைவிடச் சற்று முன்னே பிட்ச் செய்ய வேண்டும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஸ்காட் போலண்டைப் பாருங்கள். பெரிய வேகம் இல்லை, பெரிய ஸ்விங்கும் இல்லை. தையலைச் சற்றே ஆடவிட்டு, ஆஃப் ஸ்டம்பின் உச்சியைக் குறிவைத்து, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். 2024-25 தொடரில் மூன்றே டெஸ்டில் 21 விக்கெட். ஹேசல்வுட்டுக்குக் காயம் ஏற்பட்டதால்தான் அவருக்கு இடமே கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. பிறகு இந்த விவரத்துக்குத் திரும்ப வருகிறேன்.

பிட்ச்களைப் பொறுத்தவரை, "ஆஸ்திரேலியப் பிட்ச்" என்று ஒன்று இல்லை. அடிலெய்டு, மெல்போர்ன், பெர்த் மூன்றிலும் டிராப்-இன் பிட்ச்கள். அதாவது வேறிடத்தில் வளர்த்து, கால்பந்துப் பருவம் முடிந்ததும் மைதானத்தில் இறக்கிப் பொருத்துகிறார்கள். பிரிஸ்பேனும் சிட்னியும் மைதானத்திலேயே உள்ள தரை. அடிலெய்டில் பகல்-இரவு டெஸ்ட் என்றால் இளஞ்சிவப்புப் பந்து தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காகப் புல்லைக் கொஞ்சம் கூடுதலாக விடுகிறார்கள். அந்தப் பந்தின் பூச்சும் தடிமன். அதனால் விளக்கொளியில் அது கூடுதலாக வளைகிறது என்பது வீரர்கள் பலரும் சொல்வது. ஆனால் 36 ரன்னுக்கு இந்தியா ஆட்டமிழந்தது விளக்கொளியில் அல்ல, மூன்றாம் நாள் பிற்பகல் வெயிலில். ஹேசல்வுட் 8 ரன்னுக்கு 5 விக்கெட், கம்மின்ஸ் 21 ரன்னுக்கு 4 விக்கெட். அன்று இந்திய பேட்ஸ்மேன்கள் தொட்டதெல்லாம் விளிம்பில் பட்டது. 22 ஓவருக்குள் முடிந்துபோன ஒரு இன்னிங்ஸ் அது. மந்தமான பந்து என்ற கட்டம் வருவதற்கே அங்கே வாய்ப்பில்லை. அதனால்தான் அந்த 36ஐ வைத்துத் தொடரின் மீதியைக் கணிக்க முயன்றவர்கள் தவறிப்போனார்கள்.

இனி மீதி. 2018-19இல் இந்தியா ஆஸ்திரேலியாவில் முதன்முறையாகத் தொடரை வென்றபோது புஜாரா 521 ரன் எடுத்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைவிட முக்கியமான எண் 1258. நான்கு டெஸ்டில் அவர் சந்தித்த பந்துகள் அவை. மெல்போர்னில் இந்தியா 169.4 ஓவர் ஆடி டிக்ளேர் செய்தது, சிட்னியில் 167.2 ஓவர். அந்த நான்கு டெஸ்டிலும் ஆஸ்திரேலியா ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன் என்ற அதே நால்வரையே இறக்கியது. (ஸ்மித்தும் வார்னரும் தடையில் இருந்த தொடர் அது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் பேட்டிங் பலவீனம் வெற்றியில் பாதிப் பங்கு வகித்தது.)

2020-21இல் புஜாராவின் ரன் 271 மட்டுமே, பந்துகள் 928. வேகம் போதவில்லை என்று அப்போது நிறையப் பேர் திட்டினார்கள். ஆஸ்திரேலியா மறுபடியும் அதே நால்வரை நான்கு டெஸ்டிலும் ஆடவைத்தது. சிட்னியில் நான்காவது இன்னிங்ஸில் இந்தியா 131 ஓவர் நின்று டிரா செய்தது. தொடைத்தசை பிடித்துக்கொண்ட விஹாரி 161 பந்து, முதுகுவலியோடு அஸ்வின் 128 பந்து. இருவரும் கடைசி 42 ஓவருக்கு மேல் பிரியவேயில்லை. ஜனவரி 11 மாலை அது முடிந்தது. பிரிஸ்பேன் டெஸ்ட் தொடங்கியது ஜனவரி 15. நடுவில் மூன்று நாள், அதில் ஒரு பகுதி விமானப் பயணம்.

பிரிஸ்பேன் கடைசி நாளை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். இலக்கு 328. புஜாரா 211 பந்தில் 56, உடம்பெல்லாம் அடி. 80 ஓவர் முடிவில் இந்தியா 3 விக்கெட்டுக்கு 228. புதுப் பந்து எடுத்ததும் கம்மின்ஸ் புஜாராவை எல்பிடபிள்யூ ஆக்கிவிட்டார், ஆட்டம் எந்தப் பக்கமும் போகலாம். ஆனால் பந்துதான் புதிது, வீசியவர்களின் கால்கள் புதியவை அல்ல. ரிஷப் பந்த் 89 நாட் அவுட், 97 ஓவரில் ஆட்டம் முடிந்தது. ஸ்டார்க்கின் கணக்கு 16 ஓவர், 75 ரன், விக்கெட் இல்லை. 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்டே தோற்காத அணி அன்று தோற்றது. ரிஷப் பந்த் துணிந்து அடித்தது அவருடைய திறமை, அதில் சந்தேகமில்லை. அப்படி அடிக்கக்கூடிய பந்துகள் வந்ததற்கு சிட்னியின் 131 ஓவர் ஒரு காரணம் என்பது என் வாதம்.

அதே டெஸ்டில் இந்தியாவின் பந்துவீச்சு எப்படி இருந்தது? பும்ரா இல்லை, ஷமி இல்லை, உமேஷ் இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை. வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காகக் கூட்டிப்போன நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமானார்கள். ஷர்துல் தாக்கூருக்கு அது இரண்டாவது டெஸ்ட், முதல் டெஸ்டில் 10 பந்து வீசியதும் காயத்தில் வெளியேறியவர் அவர். சிராஜுக்கு மூன்றாவது. சைனி முதல் இன்னிங்ஸில் எட்டு ஓவரை முடிக்காமலே இடுப்புக்கருகே தசைப்பிடிப்பில் விலகினார். அனுபவமே இல்லாத கூட்டம்தான். ஆனால் புத்துணர்வோடு இருந்தது, வேலையைப் பகிர்ந்துகொண்டது. முதல் இன்னிங்ஸில் நடராஜன், தாக்கூர், சுந்தர் மூவருக்கும் தலா மூன்று விக்கெட். இரண்டாவதில் சிராஜுக்கு ஐந்து.

இப்போது 2024-25. பெர்த்தில் இந்தியா 150, ஆஸ்திரேலியா 104. பும்ரா 5 விக்கெட். பிறகு ஜெய்ஸ்வாலும் ராகுலும் முதல் விக்கெட்டுக்கு 201 சேர்த்து, 134 ஓவருக்கு மேல் ஆடி 487க்கு டிக்ளேர். மேலே சொன்ன சூத்திரம் அப்படியே நடந்தது: எதிரணி வீச்சாளர்களை ஓடவிட்டாயிற்று. ஆனால் பெர்த் டெஸ்ட் முடிந்தது நவம்பர் 25, அடிலெய்டு தொடங்கியது டிசம்பர் 6. பத்து நாள் இடைவெளி சோர்வைக் கழுவிவிட்டது. ஹேசல்வுட்டுக்கு விலாப் பக்கம் காயம் வந்தது உண்மைதான். அவருக்குப் பதில் வந்தவர் போலண்ட். அதாவது, இந்தியா ஈட்டிய லாபத்தை அட்டவணையும் ஆஸ்திரேலியாவின் நான்காவது வீச்சாளரும் சேர்ந்து இல்லாமலாக்கினார்கள்.

அதன்பிறகு இந்தியாவால் ஒரு இன்னிங்ஸில்கூட அந்த 134 ஓவரை எட்ட முடியவில்லை. விராட் கோலியின் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்: பெர்த்தில் ஆட்டமிழக்காத 100, மொத்தம் 9 இன்னிங்ஸில் 190. ஆட்டமிழந்த எட்டு முறையும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தில் விக்கெட் கீப்பரிடமோ ஸ்லிப்பிலோ கேட்ச். அதில் நான்கு போலண்டுக்கு. அந்த வரிசையில் உள்ள பந்தை விட்டுவிடுவது அலங்காரத்துக்காக அல்ல. விட்டுக்கொண்டே இருந்தால் வீச்சாளர் ஸ்டம்பை நோக்கி வந்தாக வேண்டும், வந்தால் கால் பக்கம் தட்டி ரன் எடுக்கலாம். 2004இல் சிட்னியில் சச்சின் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டு 436 பந்தில் 241 நாட் அவுட் எடுத்தது இதே கணக்கில்தான்.

மெல்போர்னில்தான் தொடர் கைநழுவியது என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 6 விக்கெட்டுக்கு 91. அங்கிருந்து 234. ஜெய்ஸ்வால் அன்று மூன்று கேட்ச் விட்டார். கடைசி விக்கெட்டுக்கு மட்டும் லயனும் போலண்டும் 61 ரன். நான்காம் நாள் மாலை ராகுல் பிடித்த லயனின் கேட்ச், பும்ரா நோ-பால் போட்டதால் செல்லாமல் போனது. அந்த டெஸ்டில் பும்ரா வீசியது 53.2 ஓவர், 9 விக்கெட். அடுத்த நாள் இந்தியா 3 விக்கெட்டுக்கு 121 என்ற நிலையிலிருந்து 155க்குச் சரிந்தது. அது முடிந்தது டிசம்பர் 30. சிட்னி தொடங்கியது ஜனவரி 3. ஆகாஷ் தீப் முதுகுப் பிடிப்பால் ஆடவில்லை. பும்ரா இரண்டாம் நாள் மைதானத்தை விட்டு வெளியேறினார், 162 என்ற இலக்கை ஆஸ்திரேலியா துரத்தியபோது ஒரு பந்துகூட வீசவில்லை. 27 ஓவரில் முடிந்தது. தொடரில் பும்ரா 151.2 ஓவர், 32 விக்கெட், சராசரி 13.06. ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் இதைவிட ஒரு வேகப்பந்து வீச்சாளரிடம் எதைக் கேட்க முடியும் என்று தெரியவில்லை.

இங்கே விவரம் தெரிந்த ஒருவர் உடனே மறுப்பார், மறுப்பதும் நியாயம்: கம்மின்ஸ் அதே தொடரில் 167 ஓவர் வீசினாரே, ஐந்து டெஸ்டும் ஆடி முடித்தாரே? ஆம். அதனால் "ஓவர் கூடினால் உடம்பு முறியும்" என்று நேர்கோடு போட முடியாது. பும்ராவுக்கு 2023இல் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இரண்டு உடம்பும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. கம்மின்ஸ் ஓய்வெடுக்கும்போது மறுமுனையில் போலண்டோ ஸ்டார்க்கோ விக்கெட் எடுத்தார்கள், லயன் ஒரு முனையை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டார். பும்ரா ஓய்வெடுத்தபோது ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்களும் ஓய்வெடுத்தார்கள். அதைப் பார்த்ததும் கேப்டன் அவரை மறுபடி அழைப்பார். ஓவர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு திருப்புமுனைக்கும் ஒருவரையே எதிர்பார்ப்பது வேறு வகைச் சுமை.

சுழற்பந்திலும் இதே கோளாறு. முதல் மூன்று டெஸ்டில் மூன்று வெவ்வேறு சுழல் வீச்சாளர்கள்: பெர்த்தில் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் அஸ்வின் 537 விக்கெட்டோடு ஓய்வை அறிவித்துவிட்டார். ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகக் காரணம் சொல்ல முடியும். மொத்தமாகப் பார்த்தால், நாளொன்றுக்கு 25 ஓவர் போட்டு வேகப்பந்து வீச்சாளர்களைக் காப்பாற்ற வேண்டிய ஆளுக்கு அந்தத் தரையின் எழும்பலைப் பழகிக்கொள்ள நேரமே தரப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் விரல் சுழலுக்குத் திருப்பம் குறைவு, எழும்பல்தான் ஆயுதம். பந்தை மேல்நோக்கிச் சுழற்றி, சற்று உயரமாக விட்டு, இறங்கும் இடத்தை மாற்ற வேண்டும். இந்தியத் தரையில் தட்டையாக, வேகமாகப் போட்டே விக்கெட் எடுக்கும் பழக்கம் ஒரு வாரத்தில் மாறாது.

இதுவரை சொன்னவற்றில் பந்தின் அமைப்பு, ஓவர் கணக்கு, தேதிகள் எல்லாம் உறுதியானவை. அவற்றைக் கோத்து நான் சொல்லும் காரணம் ஒரு வாசிப்பு. சில விஷயங்களில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மேகம் மூடினால் ஸ்விங் கூடும் என்பதை வீச்சாளர்கள் பலரும் நம்புகிறார்கள். காற்றின் ஈரப்பதம்தான் காரணம் என்று சோதனைக்கூடத்தில் இதுவரை தெளிவாக நிறுவப்படவில்லை. பந்தில் எச்சில் தடவ 2020இல் ஐசிசி தற்காலிகத் தடை விதித்து 2022இல் நிரந்தரமாக்கியது. வியர்வையே போதும் என்பாரும் உண்டு, ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) குறைந்துவிட்டது என்பாரும் உண்டு. பந்துவீச்சுச் சுமையைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலிய விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த 21 நாட்களில் காயம் வரும் விகிதம் கூடியிருந்தது. மெல்போர்னின் 53.2 அந்த எல்லையைத் தாண்டியதுதான். ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒரு தனி வீரரின் முதுகு குறிப்பிட்ட நாளில் ஏன் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதைச் சான்றாக நீட்டுவது சரியாகாது.

வேகப்பந்து வீச்சாளர்களாலேயே நிரப்பிவிடலாமே என்றால் ஓவர் வேகம் இடறும். நாளுக்கு 90 ஓவர் போட வேண்டும். 2020 மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியா இரண்டு ஓவர் பின்தங்கியதற்காக 4 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளிகளை இழந்தது. கடைசியில் 480க்கு 332 புள்ளி, 69.2 சதவீதம். நியூசிலாந்து 70 சதவீதத்தோடு இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. அந்த நாலு புள்ளி இருந்திருந்தால் சரியாக 70.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருகிறேன். ஐந்து டெஸ்டுக்கு ஆறு வேகப்பந்து வீச்சாளர்கள், அதில் ஒருவர் பேட் செய்யக்கூடியவர். 2024இல் இந்தியா கூட்டிப்போனதும் ஏறக்குறைய இதுதான்: பும்ரா, சிராஜ், ஆகாஷ் தீப், ஹர்ஷித் ராணா, பிரசித் கிருஷ்ணா, நிதீஷ் ரெட்டி. எண்ணிக்கையில் பிழையில்லை. இல்லாமல் போனது, மந்தமான பந்தை வைத்து நாளுக்கு 16 முதல் 18 ஓவர், ஓவருக்கு மூன்று ரன்னுக்குள், நாலைந்து ஓவர் தவணைகளாகப் போடக்கூடிய மூன்றாவது ஆள். தேர்வாளர்கள் பெரும்பாலும் புதுப் பந்தில் யார் விக்கெட் எடுக்கிறார்கள் என்று பார்த்தே ஆளை எடுக்கிறார்கள், அந்த இடத்துக்கு ஏற்கெனவே இருவர் இருக்கும்போதும். மூன்றாவது, நான்காவது இடத்துக்குத் தேட வேண்டியது உயரமான, தையலைத் தரையில் குத்தி 135 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே இடத்தில் போடும் ஆளை. பயணத்துக்கு முந்தைய நான்கு வாரங்களில் அவர் சிவப்புப் பந்தில் நாளொன்றுக்கு 15 ஓவருக்கு மேல் வீசிப் பழகியிருக்க வேண்டும். டி20இல் நாலு ஓவர் போட்டுக்கொண்டிருந்தவரைத் திடீரென்று 20 ஓவருக்கு ஏற்றும்போதுதான் முதுகும் தொடையும் புகார் சொல்லும். வலைப்பயிற்சியிலும் ஆளுக்கொரு புதுக் குக்கபுராவைக் கொடுத்து மகிழ்வதைவிட, 40 ஓவர் தேய்ந்த பந்தைக் கையில் கொடுத்து, இதை வைத்து ஆறு ஓவருக்குப் பன்னிரண்டு ரன்னுக்குமேல் விடாதே என்று சொல்லிப் பார்க்கலாம். யாரைக் கூட்டிப்போகலாம் என்பது அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.